சாவல் மார்க் பம்பு

கணபதியில் பொங்கியண்ணனுக்குப் பட்டறையும் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள். லேத் ஓடுகிற சத்தத்திலேயே அந்த வீட்டில் பால் பொங்கியது, வந்தவர்கள் பேசினார்கள், லோகப்பிரியா பிறந்து வளர்ந்து கல்லூரிப் படிப்பையும் முடித்துவிட்டாள். சத்தம் நின்றால்தான் பூவாத்தாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். கரண்ட் போயிருக்க வேண்டும், அல்லது வீட்டுக்காரர் யாரிடமாவது கோபித்துக்கொண்டிருக்க வேண்டும்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் ஒருநாள் அப்படித்தான் நின்றது. அப்போது பட்டறையைப் பொங்கியண்ணனும் பூவாத்தாளின் தம்பி வெள்ளியங்கிரியும் சேர்ந்து நடத்திக்கொண்டிருந்தார்கள். பெரிய கம்பெனிக்காரர்களுக்குப் பம்பு பூட்டிக் கொடுப்பது வேலை. உழைப்பு இவர்களுடையது, பெயர் அவர்களுடையது. அன்று வெள்ளியங்கிரி ஒரு பம்பை ஓட்டிப் பார்த்து, திருப்தியாகி, மூடி போட்டுப் போல்ட்டையும் முறுக்கி வைத்திருந்தான். பொங்கியண்ணன் வந்து, வேலையாட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்பேனரை எடுத்து அதைத் திரும்ப அவிழ்த்துப் பார்த்தார். உள்ளே ஒரு குறையும் இல்லை. ஏதாவது குறை இருந்திருந்தால்கூடச் சண்டை வந்திருக்காது. வெள்ளியங்கிரி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனவன், இரண்டு தெரு தள்ளி ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தான். கொஞ்ச நாளில் அங்கே ‘மயில் மார்க் பம்ப்செட்’ என்று ஒரு போர்டு ஏறியது.

மச்சினன் சொந்தப் பெயரில் பம்பு போட்டுவிட்டான் என்றால் பொங்கியண்ணனால் சும்மா இருக்க முடியுமா? தொண்ணூற்று நான்காம் வருடம் ஆடி கழிந்த கையோடு அவரும், மோட்டாரும் பம்பும் ஒரே உடம்பாக இருக்கும் ஒரு மோனோபிளாக் பம்பைச் செய்து முடித்தார். தொட்டியில் குழாயை இறக்கி, சாமி கும்பிட்டு, சுவிட்சைப் போட்டார். தண்ணீர் கொட்டியது. கூடவே ஒரு சத்தமும் வந்தது. முதலில் கரகரவென்று தொடங்கி, மெல்ல மேலே ஏறி, உச்சத்தில் ஒரு கணம் நின்று, பிறகு இழுத்துக்கொண்டு அடங்கியது.

பூவாத்தாள் கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, பட்டறைக்குள்ள சாவல் பூந்துருச்சுங்களா?"

"சாவலுமில்ல, ஒண்ணுமில்ல. நீ போயி வேலையப் பாரு."

"இல்லீங்க, கூவுச்சுங்களே. புடிச்சு வெச்சீங்கன்னா ஒறம்பரை வாரப்பக் கொழம்புக்கு ஆகும்னு கேட்டேன்."

வேலையாட்கள் பம்புக்குப் பின்னால் குனிந்துகொண்டு சிரித்தார்கள். மோட்டார் தண்டைச் சுற்றியிருந்த கயிறு காய்ந்துபோய் உரசியதால் வந்த சத்தம் அது. பொங்கியண்ணன் கயிற்றை மாற்றிக் கிரீஸ் தடவினார். சத்தம் அதோடு போனது. பெயர் போகவில்லை. அடுத்த வாரமே பட்டறையில் "சாவலத் தொட்டிக்குத் தூக்கிட்டு வா", "சாவலுக்குப் பெயிண்ட் அடிச்சாச்சா" என்றுதான் பேச்சு நடந்தது. பம்புக்கு என்ன மார்க் வைப்பது என்று குலதெய்வத்தின் பெயரிலிருந்து மகளின் பெயர்வரை யோசித்து அலுத்துப்போயிருந்த பொங்கியண்ணனுக்கு, ஒருநாள் சோற்றில் கை வைத்தபோது அது சரியென்று பட்டது.

"ஏம்புள்ள, தோட்டங்காட்டுல மும்முனைக் கரண்டு எப்ப வருது?"

"வெடியறதுக்கு முன்னாலதானுங்க."

"ஆரு எந்திரிச்சு மோட்டாரு போடறான்? சாவல் கூவறப்ப எந்திரிச்சவன். அப்பறமென்ன? சாவல் மார்க்."

"நான் பேரு வெச்சதுன்னு போர்டுல ஓரமாப் போட்டுருங்க" என்றாள் பூவாத்தாள்.

போர்டு எழுத நசுருதீன் வந்தார். கணபதி வட்டாரத்தில் பாதிப் பட்டறைகளின் எழுத்து அவருடையது. சாரத்தில் ஏறும் முன் ஒரு சந்தேகம் கேட்டார்.

"சேவல்னு எழுதட்டுங்களா, சாவல்னு எழுதட்டுங்களா?"

"உங்கூட்டுல என்னன்னு சொல்லுவீங்க?"

"சாவல்தான்."

"எங்கூட்டுலயும் அதேதான். எழுதுங்க."

எழுத்து நன்றாக அமைந்தது. பறவைதான் கொஞ்சம் தடுமாறிவிட்டது. வெள்ளியங்கிரியின் மயிலை எழுதிய கை இன்னும் அந்த வளைவை மறக்கவில்லைபோல. கொண்டையும் அலகும் சரியாக இருந்தன, வால் மட்டும் போர்டின் விளிம்புவரை பாய்ந்து விரிந்தது. பூவாத்தாள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"என்ற தம்பி கடை மயிலு நடந்து வந்து இங்க ஒக்காந்துருச்சாட்ட இருக்குதுங்க."

பொங்கியண்ணன் அன்றைக்கே வாலை வெட்டச் சொன்னார். நசுருதீன் நீலப் பெயிண்டை எடுத்து, மனமில்லாமல் ஒவ்வோர் இறகாக மறைத்தார்.

மாலையில் மாடி வீட்டு அற்புதம் டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்தார். பாளையங்கோட்டைக்காரர். டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். கணவர் ரயில்வேயில் கார்டாக இருந்ததால் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். டீச்சர் போர்டின் கீழே நின்றவர், குடையை மடக்கிக்கொண்டு மறுபடி படித்தார்.

"எப்பிடிங்க டீச்சர்?" என்றார் பொங்கியண்ணன்.

"பறவை அழகா இருக்கு அண்ணாச்சி. எழுதும்போது மட்டும் சேவல்னு போட்டிருக்கலாம்."

"எழுத்து கூவறதில்லீங்களே டீச்சர். வாய்தானுங்க கூவுது."

"அதுவும் சரிதான்" என்று டீச்சர் மாடிப்படி ஏறினார். சிரித்தாரா இல்லையா என்று கீழேயிருந்து தெரியவில்லை.

தாராபுரத்தில் பம்புக் கடை வைத்திருந்த நரசிம்மலு கொஞ்ச நாள் கழித்து வந்தார். பொங்கியண்ணனின் பம்புகளை வாங்கி விற்பவர். மெதுவாகப் பேசுகிற மனிதர். காப்பியை முழுவதும் குடித்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"பம்பு சொக்கமா ஓடுதுங்க. பேருதானுங்க கொஞ்சம் இடிக்குது."

"பேருக்கு என்னங்க?"

"நம்ம பக்கத்தாளுகளுக்கு ஒண்ணுமில்ல. கரூருக்கு அக்கட்டால இருந்து ஒருத்தரு வந்தாருங்க. பம்பு மேல எழுதியிருக்கறதப் படிச்சாரு. சாவல், சாவல்னு வாய்க்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்தாரு. ஊட்டுல அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையாமா. இந்த நேரத்துல சாவுன்னு ஆரம்பிக்கறதக் கொண்டுபோயிக் கெணத்துல எறக்க வேண்டாமுன்னு போயிட்டாருங்க."

அந்தச் செய்தி எப்படியோ வெள்ளியங்கிரியின் காதுக்கும் போயிருந்தது. அடுத்த நாள் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டே அவன் நாலு பேர் கேட்கச் சொன்னானாம்: "எங்க மச்சான் நேர்மையான ஆளுங்க. பம்பு என்ன ஆகுமுன்னு போர்டுலயே எழுதிப்போட்டாரு. தேதிதான் போடல."

இதைக் கேட்டதும் பொங்கியண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கை கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு, வாடகைக்கு விட்டதிலிருந்து ஏறாத தன் வீட்டு மாடிப்படியில் ஏறினார்.

டீச்சர் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். வந்தவருக்கு நாற்காலி போட்டு, காப்பி கொடுத்தார்.

"டீச்சர், சாவலுக்கு அர்த்தம் சொல்லுங்க. சாவுக்கும் அதுக்கும் ஏதாச்சும் சம்பந்தமுங்களா?"

"ஒரு சம்பந்தமும் கிடையாது அண்ணாச்சி. சேவல்தான் பேச்சுல சாவல் ஆயிட்டு. எங்க ஊர்லயும் சாவல்தான். பெரிய வெள்ளி ஆராதனையில சேவல் கூவுத பகுதியை எங்க மாமா ஞானமுத்து வாசிப்பாவ. புத்தகத்துல சேவல்னு இருக்கும், அவுக சாவல்னுதான் வாசிப்பாவ. கோயில்ல ஒருத்தர்கூடத் தலை தூக்கிப் பார்த்தது இல்ல."

பொங்கியண்ணனுக்கு மூச்சு சீராக வந்தது. "சரிங்க. அப்ப சேவலுன்னு ஏன் பேரு வந்துது?"

"அதுக்கு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாவ. சே-ன்னா சிவப்பு, கொண்டை சிவப்பா இருக்குதுல்லா, அதனாலன்னு சொல்லுதவுக உண்டு. சே-ன்னா காளைமாடு, ஆண்ங்கிற அர்த்தம் அங்கயிருந்துதான் வந்திருக்கும்னு சொல்லுதவுகளும் உண்டு. பேரு வச்ச அன்னைக்குக் கூட இருந்து பார்த்தவுக யாரும் இல்ல."

"எங்க பம்புக்குப் பேரு வெச்சப்ப நானிருந்தனுங்க. கயிறு காஞ்சு போச்சு, அதுதானுங்க காரணம்."

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். இனி தாள் திருத்த முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னொண்ணு கேளுங்க. பழைய இலக்கணத்துல சேவல்னா கோழி மட்டும் இல்ல. சிறகு உள்ள எந்தப் பறவையிலயும் ஆணைச் சேவல்னு சொல்லலாம். அன்னத்துல சேவல் உண்டு, புறாவுல சேவல் உண்டு, நம்ம வீட்டு மோட்டுவளையில கூடு கட்டுத குருவியிலயும் சேவல் உண்டு."

"காக்காயிலீங்க?"

"காக்காயிலயும்தான். அது மட்டுமா? குதிரையில ஆணையும் சேவல்னு சொல்லுத வழக்கம் இருந்திருக்கு."

பொங்கியண்ணன் ஆறிக்கொண்டிருந்த காப்பியை ஒரு வாய் குடித்தார்.

"குதிரைக்கு றெக்கை ஏதுங்க டீச்சர்?"

"அதை நானும் யோசிச்சதுண்டு. ஓடுத வேகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பாவளோ என்னமோ."

"அப்ப அஞ்சு எச்.பி. மோட்டாருன்னா அஞ்சு குதிரை சத்தி. அதய அஞ்சு சாவலுன்னு சொன்னாத் தப்பில்லீங்களே?"

டீச்சருக்குச் சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. யாராவது கேட்டா என்கிட்ட அனுப்புங்க." அந்தச் சந்தோஷத்தில், சொல்லாமல் விட்டிருக்க வேண்டிய ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். "ஒரே ஒரு பறவைக்கு மட்டும் இந்தப் பேரு ஆகாதுன்னு இலக்கணத்துலயே விலக்கி வச்சிருக்காவ. மயில்."

பொங்கியண்ணன் தம்ளரை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"மயிலத் தவுத்துங்களா?"

"ஆமா, மயிலைத் தவிர."

"பழைய இலக்கணத்துலயேங்களா?"

அவருடைய முகத்தைப் பார்த்ததும் டீச்சருக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது. ஆனால் அதற்குள் அவர் படியில் பாதி இறங்கியிருந்தார்.

நசுருதீன் மறுபடி வந்தார். ‘சாவல்’ அழிந்து, கொட்டை எழுத்தில் ‘சேவல்’ வந்தது. அதன் கீழே மஞ்சளில் ஒரு வரியும் புதிதாக வந்தது: ‘சிறகுள்ளதெல்லாம் சேவல், மயிலைத் தவிர.’

பட்டறையில் ஒரே கொண்டாட்டம். அஞ்சு எச்.பி. மோட்டார் அஞ்சு சாவல் ஆனது, மூன்று எச்.பி. மூணு சாவல் ஆனது. ஏழரை எச்.பி. வந்தபோதுதான் பூவாத்தாள் கேட்டாள்.

"ஏனுங்க, அரைச் சாவலு எப்பிடிக் கூவுமுங்க?"

அவளும் முதலில் சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் அந்த வாரம் லோகப்பிரியாவுக்குச் சூலூரில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் பெயர் கிருபாசங்கர், சொந்தமாகத் தறிகள் ஓட்டுகிற குடும்பம். தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். அன்றிலிருந்து பூவாத்தாளுக்குப் போர்டின் மஞ்சள் வரியைப் பார்க்கும்போது சிரிப்பு வரவில்லை. பெண்ணுக்குத் தாய்மாமன் வெள்ளியங்கிரி ஒருவன்தான். சீர்த்தட்டோடு மாமன் வராத கல்யாணத்தைப் பற்றி உறம்பரைச் சனம் என்ன பேசும் என்பது இருக்கட்டும். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து லோகப்பிரியாவை அவன் தோளில் தூக்கி வளர்த்திருந்தான்.

வெள்ளியங்கிரி போர்டைப் பார்க்கச் சீக்கிரமே வந்தான். தெருவின் எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்தி, இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு படித்தான். உதடு அசைந்ததைப் பூவாத்தாள் ஜன்னலிலிருந்து பார்த்தாள். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் பொங்கியண்ணன் வார்ப்படம் எடுத்துவர ஃபவுண்டரிக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து வெள்ளியங்கிரி பக்கவாட்டுப் படியில் மாடிக்கு ஏறினான். வேகமாக ஏறினான். பின்கட்டில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த அக்காளை அவன் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தபோது அந்த வேகம் இல்லை. ஒவ்வொரு படியாகக் காலை வைத்து இறங்கி, யாருக்கும் முகம் காட்டாமல் போனான்.

பூவாத்தாள் முறத்தை அப்படியே போட்டுவிட்டு மேலே ஓடினாள்.

"டீச்சரம்மா, என்ற தம்பி எதுக்கோசரம் வந்தானுங்க?"

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என் நாக்கை அறுத்துத்தான் போடணும் மைனி. மயிலுக்கு என்ன குறைச்சல், ஏன் ஒதுக்கி வச்சாவன்னு கேட்டாவ. குறைச்சல் ஒண்ணும் இல்ல, அதுக்குத் தனிப்பேரு இருக்குன்னு சொன்னேன். அதோட விட்டிருக்கலாம். முகம் மலர்ந்து, என்ன பேருன்னு கேட்டுட்டாவ. கேட்டபிறகு பொய் சொல்ல முடியுமா?"

"என்ன பேருங்க?"

"போத்து."

"முருங்கைப் போத்துங்களா?"

"அவுகளும் இதைத்தான் கேட்டாவ. முருங்கை இல்ல. எருமையில ஆணுக்குப் போத்துன்னு சொல்லுவாவல்லா? பழைய வழக்குல ஆண் மயிலுக்கும் அதே பேருதான்."

பூவாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். போர்டில் தோகை விரித்து நின்ற தம்பியின் மயில் மனக்கண்ணில் வந்தது, கூடவே குட்டையிலிருந்து எழுந்து வரும் ஓர் எருமையும் வந்தது. அவள் சிரித்துச் சிரித்து, கடைசியில் டீச்சரின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சரும் சேர்ந்துகொண்டார். சிரிப்பு ஓய்ந்த பிறகு பூவாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இதய எங்கூட்டுக்காரருகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க டீச்சரம்மா. பொழுதுக்குள்ள போர்டுல ஏத்திருவாரு."

அன்று இரவு சாப்பாட்டுக்கு முன்னாலேயே அவள் பேச்சை எடுத்தாள்.

"என்ற தம்பியக் கல்யாணத்துக்குக் கூப்புடோணுமுங்க."

"அவன் வந்தா நான் வேண்டாங்கறனா?"

"வந்தா இல்லீங்க. போயிக் கூப்புடோணும். தட்டத்துல வெத்தல பாக்கு வெச்சு, நாம ரெண்டு பேரும்."

பொங்கியண்ணன் தட்டை நகர்த்தினார். "அப்பிடியொரு போர்டப் போட்டுப்போட்டு எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது?"

"அதே மூஞ்சியத்தானுங்க. வேற மூஞ்சிக்கு நானெங்க போறது?"

மறுநாள் காலை இருவரும் எம்80 வண்டியில் போனார்கள். இரண்டு தெருதான், நடந்தே போயிருக்கலாம். ஆனால் நடந்து போனால் வழியில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பூவாத்தாள் பழத்தட்டை மடியில் வைத்து ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளியங்கிரி ஷெட் வாசலில் நின்றிருந்தான். அக்காளுக்கு மட்டும் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"வாக்கா. வாங்க மச்சான். சாவலெல்லாம் மயிலுக்காட்டுக்கு வந்திருக்குது."

"லோகப்பிரியாவுக்குத் தையில கல்யாணம் மாப்ள" என்றார் பொங்கியண்ணன். இவ்வளவையும் சொல்லப் பாதி இரவு யோசித்திருந்தார். "நீதான் முன்னால நிக்கோணும்."

"வரோணும்னுதான் இருக்குதுங்க. ஆனா மயிலத் தவிரன்னு எழுதியிருக்குதுங்களே. ஊரே படிச்சுப்போட்டுது. நானெப்பிடி வாரது?"

பொங்கியண்ணனுக்குக் காது சிவந்தது. தட்டை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவாரோ என்று இருந்தது. பூவாத்தாள் எழுந்தாள்.

"தம்பி, குடிக்கத் தண்ணி வேணும். உள்ளுக்கு வா, எங்க இருக்குதுன்னு காட்டு."

ஷெட்டின் உள்ளே, பானையின் பக்கத்தில், அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"டீச்சரம்மா ஊட்டுக்குப் போயிருந்தியாமா."

வெள்ளியங்கிரி சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"உன்ற மச்சானுக்கு நான் இன்னும் சொல்லல கண்ணு. ஆனா போர்டுல அந்த மஞ்ச வரிக்குக் கீழ இன்னொரு வரிக்கு எடம் கெடக்குது. நசுருதீன் பாய்க்கும் இப்ப வேலை கொறைவாமா."

"அக்கா, நீ எந்தப் பக்கம்?"

"நான் லோகப்பிரியா பக்கம்."

அவன் சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தான். அவள் குடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

"புள்ள என்னயக் கேட்டுதாக்கா?"

"நெதமும் கேக்குது. மாமன் வருமா, வருமான்னு. உன்ற மேல கோவமெல்லாம் இல்ல. உன்ற மச்சான் மேலதான் கோவம்."

வெளியே வந்தபோது வெள்ளியங்கிரியின் முகம் மாறியிருந்தது. பொங்கியண்ணனுக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"வாரனுங்க மச்சான். சீரும் கொண்டாரேன். ஆனா ஒண்ணு கேக்கோணும்."

"கேளு."

"நான் பூட்டுன பம்ப அன்னிக்கு அத்தன பேரு முன்னால அவுத்துப் பாத்தீங்க. எதுக்குங்க?"

பொங்கியண்ணன் பட்டறைக்காரர். பேச்சில் பின்வாங்கிப் பழக்கமில்லாதவர். தட்டில் இருந்த வெற்றிலையைச் சரியாக அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார்.

"கெட்ட பழக்கம் மாப்ள. நானே பூட்டுனதயும் ராத்திரி எந்திரிச்சு அவுத்துப் பாத்திருக்கறேன். உங்கக்காளக் கேளு. உன்றதுல ஒரு கொறையும் இல்ல. அத அன்னிக்கே அத்தன பேரு முன்னாலயும் சொல்லியிருக்கோணும். சொல்லாம உட்டுப்போட்டேன்."

வெள்ளியங்கிரி தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். உள்ளே திரும்பி, "ஆராச்சும் பேக்கரிக்குப் போயிக் காப்பி வாங்கியாங்கப்பா" என்று மட்டும் குரல் கொடுத்தான்.

அன்று மாலையே நசுருதீன் சாரம் கட்டி மஞ்சள் வரியை மறைத்தார். அந்த நீலம் மற்ற நீலத்தோடு சேராமல் பட்டையாகத் தெரிந்தது. அதை அப்படியே விட்டுவிடச் சொன்னார் பொங்கியண்ணன்.

கல்யாணம் சூலூரில் நடந்தது. வெள்ளியங்கிரி சீர்த்தட்டுகளை ஆள் வைத்துத் தூக்காமல், முதல் தட்டைத் தானே தலையில் வைத்துக்கொண்டு மேளத்தோடு மண்டபத்துக்குள் வந்தான். லோகப்பிரியா மணவறையில் உட்கார்ந்தபடியே அவனைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு அழுதாள், கண் மை கலைந்து அவளுடைய தோழிகள் பதறிப்போனார்கள். பந்தியில் பொங்கியண்ணனும் வெள்ளியங்கிரியும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். எதிர் வரிசையில் இருந்த அற்புதம் டீச்சர் மட்டும், யாரோ பாயசத்தில் பால் நன்றாகத் திக்காக இருக்கிறது, எருமைப்பாலா என்று கேட்டபோது, சட்டென்று இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். பூவாத்தாளுக்கும் புரை ஏறிவிட்டது. வெள்ளியங்கிரி பாயசத்தைப் பார்த்தபடி இருந்தான். எருமைப்பாலில் சிரிக்க என்ன இருக்கிறது என்று பொங்கியண்ணனுக்கு விளங்கவில்லை.

மாசியில் ஒருநாள் அன்னூர்ப் பக்கத்திலிருந்து ராசம்மாள் என்ற அம்மாள் பட்டறைக்கு வந்தார். சொந்தமாகத் தோட்டம் வைத்து நடத்துகிறவர், வாயில் வெற்றிலை. ஒரு மினி வேனையும் கையோடு பிடித்து வந்திருந்தார். ஏதோ ஓர் அச்சு கடைந்து வாங்கிப்போக வந்திருந்த வெள்ளியங்கிரியும் அப்போது அங்கே இருந்தான்.

"ஏனுங்க, கோழிப் பம்பு இங்கதானுங்களே?"

பொங்கியண்ணன் நிமிர்ந்தார். "என்ன பம்புங்கம்மா?"

"கோழிப் பம்பு. எங்க பக்கமெல்லாம் அதுதானுங்க ஓடுது. எங்களுக்கு மேவரத்துல, பக்கத்துத் தோட்டத்துல போட்டிருக்காங்க. தண்ணி பீச்சுதுன்னு சொன்னாங்க."

வெள்ளியங்கிரி அச்சைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

"அது கோழி இல்லீங்கம்மா" என்றார் பொங்கியண்ணன், பொறுமையாக. "சேவலு. சாவலுன்னும் சொல்லலாமுங்க. ரெண்டுக்கும் ஒரே அர்த்தந்தான். பழைய இலக்கணத்துல பாத்தீங்கன்னா, றெக்கை இருக்கற எதுக்கும்..."

ராசம்மாள் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு முழுவதும் கேட்டார். குதிரைவரை கேட்டார். மயில் வருகிற இடத்தில் பொங்கியண்ணன் மச்சினனை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"எல்லாஞ் சரிங்க தம்பி" என்றார் ராசம்மாள். "முட்டைக்கா வாங்கறேன், ஆணா பொட்டையான்னு பாக்க? தண்ணி எறைச்சாப் போதும். ஏத்தி உடுங்க, கரண்டு வாரதுக்குள்ள போயிச் சேரோணும்."

பொங்கியண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு பம்பின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தை வெள்ளியங்கிரி வந்து பிடித்தான். இருவருமாகத் தூக்கி, வேனில் அந்த அம்மாள் விரித்திருந்த கோணிச்சாக்கின் மேல் வைத்தார்கள்.